எங்கள் சந்தின் அகலம்

அந்த ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு, நாங்கள் கொடுத்த வரைபடத்தை ஹேண்டில்பாரின் மேல் விரித்தார். படத்தைப் பார்த்தார். எதிரே இருந்த மதிலைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

“ரஸ்தா கிதர் ஹை, மேடம்?” ரோடு எங்கே என்கிறார்.

பின்சீட்டில் நானும் நிகிலும் உட்கார்ந்திருந்தோம். படத்தை மட்டும் பார்த்து அவர் எங்கள் பஸ்திக்கு வந்து சேர வேண்டும், நாங்கள் வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் அன்றைய பரீட்சை. நிகிலால் பொறுக்க முடியவில்லை. “அதோ, அதான் ரோடு!” என்று கையை நீட்டினான். மதிலருகே காத்திருந்த மற்ற பிள்ளைகளும் கையை நீட்டினார்கள். நானும்தான்.

அவர் இறங்கிப்போய் நாங்கள் காட்டிய இடத்தில் நின்றார். ஓர் ஆள் பக்கவாட்டில் திரும்பினால் நுழையக்கூடிய இடைவெளி. தோள்கள் உரசி உரசி இரண்டு பக்கத்துச் செங்கல்லும் வழவழப்பாகிக் கிடந்தன. அவர் தன் தொப்பையைத் தட்டிக் காட்டினார்.

“இதுல நானே போக முடியாது. ஆட்டோவ மடிச்சு பாக்கெட்ல வெச்சுக்கட்டுமா?” என்று உருதுவில் கேட்டார்.

பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். படத்தில் அந்த இடைவெளியை இரட்டைக் கோடு போட்டு, மெயின் ரோட்டின் அகலத்துக்கே வரைந்து வைத்திருந்தோம். பள்ளிக்கும் கடைக்கும் பஸ்ஸுக்கும் அதன் வழியாகவே போய் வளர்ந்தவர்கள் நாங்கள். எங்களுக்கு அதுதான் ரோடு. அது மதிலில் இருக்கும் ஓர் ஓட்டை என்பதை வெளியாள் ஒருவர் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. பத்தாம் வகுப்பு பவானி.

“மிஸ், அன்னிக்கு ஆம்புலன்ஸும் இங்கதான் வந்து நின்னுச்சு” என்றாள்.

சிரிப்பு நின்றது.

வெள்ளையாக விட்ட இடம்

மெட்டுகுடாவுக்கும் மல்காஜ்கிரிக்கும் நடுவே, ரயில்வே குவார்ட்டர்ஸ் மதிலுக்கும் மழைத் தண்ணீர் ஓடும் நாலாவுக்கும் இடையில் இருக்கிறது எங்கள் பஸ்தி. பஸ்தி என்றால் இந்த ஊரில் நெருக்கியடித்த குடியிருப்பு. அப்பாவின் தாத்தா காலத்தில் வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து ரயில் வேலைக்கு வந்தவர்கள் அப்படியே தங்கிவிட்டோம். அப்பா ஒப்பந்தத்தில் ரயில் பெட்டி கழுவியவர். அம்மா ஒரு ஹாஸ்டலில் சமைக்கிறார். இருவருக்கும் எழுத்து தெரியாது.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். இந்தத் தொடரில் இதை அடிக்கடி சொல்கிறேன் என்று எனக்கே தெரிகிறது. சொல்வதை நிறுத்த மாட்டேன்.

பள்ளியில் எனக்கு வரைபடம் என்றால் பரீட்சைத் தாளோடு சேர்த்துக் கட்டும் இந்தியப் படம்தான். நிலக்கரி கிடைக்கும் இடங்களுக்குக் கறுப்புப் புள்ளி, கோதாவரிக்கு நீலக் கோடு. முழு மதிப்பெண் வாங்கினேன். எங்கள் வீட்டு வாசல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

பி.எட். படிக்கும்போது, பயிற்சிக்குப் போன ஒரு நூலகத்தில் செகந்திராபாத்தின் பெரிய வரைபடம் ஒன்றைப் பார்த்தேன். ரயில் பாதை இருந்தது. குவார்ட்டர்ஸ் கட்டடங்கள் ஒவ்வொன்றும் சின்னச் சின்னக் கட்டங்களாக இருந்தன. நாலா வளைந்து வளைந்து ஓடியது. அவற்றுக்கு நடுவில், எங்கள் பஸ்தி இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளையாக விட்டிருந்தார்கள். நான் விரலை அங்கே வைத்தேன். காகிதம் சில்லென்று இருந்தது. பக்கத்தில் நின்ற தோழி “என்னடி தேடுற?” என்றாள். “ஒண்ணுமில்ல” என்றேன்.

மல்காஜ்கிரியில் ஆசிரியை வேலை கிடைத்ததும், ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மன் கோயில் கூடத்தில் பஸ்திப் பிள்ளைகளுக்கு வரைபட வகுப்பு தொடங்கியதற்கு அந்த வெள்ளைதான் காரணம்.

என் பிள்ளைகள் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வார்கள், அதிலும் பாதி இங்கிலீஷ். கூடத்துக்குள் நான் மிஸ், வெளியே வந்தால் அக்கா. குறியீடுகளை அவர்களையே முடிவு செய்யச் சொன்னேன். குழாய்க்கு நீலத் துளி. கோயிலுக்குக் கோபுரம். கடிக்கிற நாய்க்குச் சிவப்பு முக்கோணம்.

“நாய் ஒரே இடத்துல நிக்காதேடா” என்றேன்.

“இது நிக்கும் மிஸ். என் ஹோம்வொர்க் மாதிரி, நகரவே நகராது” என்றான் நிகில்.

இப்படித்தான் விளையாட்டாகப் போய்க்கொண்டிருந்தது, பவானி வாயைத் திறக்கும் வரை.

குமரேசன் அண்ணன் நடந்த நடை

பவானியின் அப்பா குமரேசன் அண்ணனுக்குப் போன மழைக்காலத்தில் மாரடைப்பு வந்தது. பெயின்டர் வேலை, பெரிய உடம்பு, பெரிய குரல். பண்டிகைக்கு மேளம் அடித்தால் முதல் ஆளாக ஆடுபவர். மார்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள். எங்கள் பஸ்தி எங்கே இருக்கிறது என்று போன் வரைபடத்துக்குத் தெரியாது. புள்ளி மதிலுக்கு அந்தப் பக்கம், குவார்ட்டர்ஸ் ரோட்டில் போய் விழுந்தது. வண்டியும் அங்கேதான் வந்து நின்றது. சைரன் எங்கள் காதில் விழுகிறது, வண்டி கண்ணில் படவில்லை. சுற்றி வரச் சொன்னால் டிரைவருக்கு எங்கள் சந்து புரியவில்லை. போனில் ஆளுக்கொரு வழி சொன்னோம்.

கடைசியில் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து நான்கு பேர் மதில்வரை தூக்கிப் போனார்கள். அந்த இடைவெளியில் நாற்காலி நுழையவில்லை. ஸ்ட்ரெச்சரும் இந்தப் பக்கம் வரவில்லை. குமரேசன் அண்ணன் எழுந்தார். மழையில், மார்பில் கை வைத்து, பக்கவாட்டில் திரும்பி, தானே நடந்து அந்தப் பக்கம் போனார். பவானி அவர் பின்னால் குடை பிடித்துக்கொண்டு போனாள்.

பிழைத்துக்கொண்டார். ஆனால் டாக்டர் பவானியிடமும் அவள் அம்மாவிடமும் சொல்லியனுப்பினார்: மறுபடி வந்தால் இவர் ஓர் அடிகூட நடக்கக் கூடாது.

ஆட்டோக்காரர் போன பிறகு பவானி கேட்டாள். “வண்டி வர்ற மாதிரி வழி இருக்கா இல்லையான்னு நம்ம மேப் சொல்லுமா மிஸ்? இல்ல, சும்மா கலர் அடிக்கத்தானா?”

“சொல்லும்” என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே முதல் படத்தைச் சுருட்டி வைத்துவிட்டுப் புதுச் சார்ட்டை விரித்தோம்.

சிவப்பு எண்கள்

வண்டி வருவதற்கு ஒரே வழிதான். மெயின் ரோட்டிலிருந்து நாலாப் பாலம், பால் பூத், அங்கே திரும்பினால் எங்கள் சந்து. சந்தின் கோடியில் பவானி வீடு.

வரைபடத்தில் நீளத்தைக் காட்டுவது பிள்ளைகளுக்குத் தெரியும். இந்த முறை அகலம்தான் முக்கியம். நிகில் அரசு ஆஸ்பத்திரி வாசலில் நின்ற ஒரு ஆம்புலன்ஸ் டிரைவரிடம் பேசி, கண்ணாடியோடு சேர்த்து வண்டியை அளந்துகொண்டு வந்தான். “எட்டடி வேணும்னு சொன்னாரு மிஸ். அதுக்குக் கீழன்னா உள்ள வர மாட்டாராம். எதுக்கு அளக்குறேன்னு கேட்டாரு, வாங்கப்போறேன்னு சொன்னேன்.”

சந்தில் ஒவ்வொரு வீட்டின் முன்பும் டேப் பிடித்தார்கள். எங்கள் சந்தில் எல்லா வீடும் கொஞ்சம் வெளியே வந்திருக்கும். ஒருவருக்குப் படி, ஒருவருக்குத் தண்ணீர் டிரம், ஒருவருக்குப் பைக், ஒருவருக்குத் துவைக்கிற கல். உள்ளே இடமில்லாதவர்கள் வேறு எங்கே போவார்கள்? யாரும் யாரையும் குறை சொன்னதில்லை. பிள்ளைகள் அளந்ததைச் சிவப்பில் எழுதிக்கொண்டே வந்தார்கள். டிரம்மை நகர்த்தலாம், பைக்கைத் தள்ளலாம், கல்லைப் புரட்டிப் போடலாம். கேட்டபோது எல்லோரும் சரி என்றார்கள்.

அடுத்த ஞாயிறு கூடத்துத் தரையில் படத்தை விரித்தபோது சந்து முழுக்கச் சிவப்பு எண்கள். ஓர் இடத்தில் மட்டும் இல்லை.

“இங்க ஏன் விட்டுட்டீங்க?”

“டேப் சரியா நிக்கல மிஸ்” என்றான் நிகில்.

“மத்த இடத்துல எல்லாம் நின்ன டேப் இங்க மட்டும் படுத்துக்குச்சா?”

நிகில் கூரையைப் பார்த்தான். பவானி ஸ்கெட்ச் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

“அளந்தோம் மிஸ். எழுதல.”

“கைக்கு?” எங்கள் ஊரில் ‘ஏன்’ என்பதை அப்படியும் கேட்போம்.

“அது உங்க ரூம், மிஸ்.”

அப்பா கேட்டது

ரூம் என்று சொன்னால் நீங்கள் பெரிதாக நினைத்துவிடக் கூடாது. எங்கள் வீடு ஒரே அறை. நான் எட்டாவது படித்தபோது, சத்தத்தில் என்னால் படிக்க முடியவில்லை என்று அப்பா வாசலுக்கு முன்னால் சந்தில் மூன்றடி நீட்டிச் சுவர் எழுப்பினார். மேலே தகரம். உள்ளே ஒரு பெஞ்சு, ஒரு பலகை, ஒரு பல்பு. காலை நீட்டினால் எதிர்ச்சுவரில் இடிக்கும். உள்பக்கம் நீல வண்ணம் அடித்தார். ‘கௌரி ரூம்’ என்று ஊருக்கே சொன்னார். கணக்கும் சமூக அறிவியலும் நான் அங்கேதான் படித்தேன். பி.எட். படித்ததும் அங்கேதான். இன்றும் பரீட்சைத் தாள் திருத்துவது அந்தப் பெஞ்சில்தான். மழை வந்தால் தகரத்தின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. அதுவே எனக்கு அமைதி.

நானே போய் அளந்தேன். ஆறடிக்கும் குறைவாக இருந்தது.

சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் சொன்னேன். அவர் ரசத்தில் கையை வைத்தபடி கேட்டார். “பசங்க தப்பா அளந்திருப்பாங்களா?”

“நானும் அளந்தேன்ப்பா.”

அம்மா கரண்டியைப் பாத்திரத்தில் போட்டார். “நக்கோ. நக்கோவே நக்கோ. வேணவே வேணாம். இந்த மனுஷன் வாழ்நாள்ல தனக்குன்னு கட்டினது அது ஒண்ணுதான். டிரம்ம எடு, பைக்க எடு, அது சரி. செவுத்த எடுன்னா?”

“தனக்கு எங்கடி கட்டினேன்? அவளுக்குக் கட்டினேன்” என்றார் அப்பா. பிறகு என்னைப் பார்த்தார். “நீ படிச்சவ. நீ சொல்லு. இன்னா செய்யணும்?”

சின்ன வயதிலிருந்து அவர் என்னிடம் அப்படிக் கேட்பதை விரும்பியிருக்கிறேன். கரண்ட் பில்லா, ரேஷன் கார்டா, எதுவானாலும் “நீ படிச்சவ, நீ சொல்லு” என்பார். கேட்கும்போதெல்லாம் எனக்கு ஓர் அங்குலம் உயரம் கூடும். அன்று மட்டும் கூடவில்லை. எனக்கு அந்த ரூம் வேண்டும். பவானியின் அப்பாவும் வேண்டும். டேப் இரண்டுக்கும் இடம் கொடுக்கவில்லை.

நான் பதில் சொல்வதற்குள் வாசலில் குரல் கேட்டது. விஷயம் எப்படியோ குமரேசன் அண்ணன் காதுக்குப் போயிருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பழைய உடம்பு இல்லை. சட்டை தோளில் தொங்கியது.

“மாமா, என்னை வெச்சு பாப்பா ரூம இடிக்க வேணாம். நம்ம பஸ்திலேருந்து ஒரு டீச்சர் வந்ததே அந்த ரூம்லேருந்துதான். எனக்கு வந்தா நான் நடந்துக்குவேன். போன தடவ நடக்கலியா?”

அப்பா சாப்பிட்ட கையோடு எழுந்தார்.

“ஹவ், ஆமா, நீ நடந்துக்குவ. அத நாங்க அந்த ரூம்ல ஒக்காந்துகினு பாக்கணுமா?”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அப்பா கை கழுவிவிட்டு வந்து என்னிடம் கேட்டார். “பெஞ்சு உள்ள புடிக்குமா?”

“கட்டில நகர்த்தினா புடிக்கும்ப்பா” என்றேன்.

அவ்வளவுதான் எங்கள் வீட்டில் நடந்த விவாதம்.

சந்துக்கு வந்த நீலச் சுவர்

அப்பாவே இடித்தார். ஆள் வைக்கச் சொன்னோம், கேட்கவில்லை. முதலில் தகரத்தைக் கழற்றினார். பிறகு மேலிருந்து ஒவ்வொரு செங்கல்லாக எடுத்து, ஒட்டியிருந்த சிமென்ட்டைத் தட்டி, ஓரமாக அடுக்கினார். ஏதோ கட்டுகிறவர்போல அவ்வளவு ஒழுங்காக இடித்தார். அம்மா அன்று முழுக்க வெளியே வரவில்லை. உள்ளிருந்து பாத்திரம் தேய்க்கும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அத்தனை பாத்திரம் எங்கள் வீட்டில் கிடையாது.

மாலையில் பார்த்தால், ரூமின் உள்சுவராக இருந்தது சந்தைப் பார்த்து நின்றது. அந்த நீலம், நான் டைம்டேபிள் ஒட்டிய பசைத் தடம், முதுகு சாய்ந்த இடத்தில் எண்ணெய்க் கறை. போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்கும்படி. எனக்கு உடம்பு கூசியது. அப்பாவிடம் வெள்ளையடிக்கச் சொன்னேன். “இருக்கட்டும்” என்றார்.

பவானி வந்து அளந்தாள். எட்டடியும் ஒரு கையகலமும். படத்தில் எழுதினாள். எட்டு கொஞ்சம் கோணலாக வந்தது. திருத்தட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன்.

படத்தை வழிப்படமாக மாற்றினோம். வடக்கு மேலே இருக்க வேண்டும் என்பது புத்தகத்து விதி. டிரைவர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறாரோ அது கீழே இருக்கட்டும், போகப்போகக் கண் மேலே ஏறட்டும் என்று பிள்ளைகள் வாதாடினார்கள். ஒப்புக்கொண்டேன். அதன் புகைப்படம் பஸ்தியில் எல்லோர் போனிலும் ஏறியது. ஆம்புலன்ஸ் கூப்பிட்டால் டிரைவருக்கு உடனே அனுப்ப வேண்டும் என்று பவானி வீடு வீடாகப் போய்ச் சொன்னாள்.

நான் பள்ளியில் இருந்தபோது

குமரேசன் அண்ணனுக்கு மறுபடி அது வந்தது ஒரு வேலைநாள் காலையில். நான் பள்ளியில் இருந்தேன், பார்க்கவில்லை. அம்மா சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

“போன வெச்சுகினு ஒரு பையன் ஓட்டினு வந்தான். பாலத்துலேருந்து நேரா உள்ள. யாரையும் வழி கேக்கல. பால் பூத்துல கண்ணாடிய மடக்கினான். எல்லாரும் டிரம்ம இழுக்குறாங்க, பைக்க தூக்குறாங்க. நம்ம வாசல தாண்டுறப்போ உங்கப்பன் அந்த நீலச் செவுத்தோட செவுரா ஒட்டிகினு நின்னாரு. வண்டி போற வரிக்கும் மூச்சே வுடல. குமரேசன் வூட்டு வாசல்லயே போய் நின்னுச்சு பாப்பா. வாசல்லயே.”

குமரேசன் அண்ணன் அதன்பின் வீடு திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்துப் பார்த்தார்கள். இதயம் ஏற்கெனவே பாதிதான் வேலை செய்துகொண்டிருந்தது, சீக்கிரம் கொண்டு வந்ததால்தான் இத்தனை நாளாவது என்றார் டாக்டர்.

செய்தி வந்த அன்று அப்பா வாசலில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். அவர் மனதில் என்ன ஓடியது என்று நான் கேட்கவில்லை. எனக்குள் ஓடியதைச் சொல்கிறேன். இவ்வளவு செய்தும் இதுதானா என்றிருந்தது. பிள்ளைகளுக்கு முன்னால் நின்று இனி எந்த முகத்தோடு வரைபடம் சொல்லித் தருவது என்றிருந்தது. அந்த வாரம் வகுப்பு நடத்தவில்லை. அதற்கடுத்த வாரமும் நடத்தவில்லை.

காரியம் முடிந்து சில நாள் கழித்து பவானி வீட்டுக்குப் போனேன். சுவரோரம் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் எதுவோ சொல்லத் தொடங்கினேன். அவளே பேசினாள்.

“ஸ்ட்ரெச்சர்ல படுத்துகினே போனாரு அக்கா. ஒரு அடி நடக்கல. ஏத்துறப்போ என்னைப் பார்த்து, கொழம்ப மூடி வெய்யி, பூனை வந்துடும்னாரு. ஆஸ்பத்திரியில மூணு தடவ பேசினாரு. அம்மா கூட சண்டகூட போட்டாரு, இட்லி ஆறிப்போச்சுன்னு.” மடித்த சட்டையை மறுபடி பிரித்து மடித்தாள். “போன தடவ மாதிரி ஆகியிருந்தா, அந்த செவுத்தாண்டயே முடிஞ்சிருக்கும். எனக்குத் தெரியும்.”

அவள் சட்டையை அடுக்கின் மேல் வைத்தாள். அவள் அப்பாவின் சட்டை.

“ஞாயித்துக்கிழமை கிளாஸ் இருக்கா?” என்றாள்.

“இருக்கு” என்றேன்.

ஒரு புதுப் படி

அந்த ஞாயிறு அவள் மற்றவர்களுக்கு முன்பே வந்துவிட்டாள். கூடத்துக்குள் வராமல் வாசலிலேயே நின்றாள்.

“மிஸ், பால் பூத் பக்கத்துல செங்கல் இறக்கியிருக்காங்க. பாத்தீங்களா?”

பார்த்திருந்தேன். சந்தின் முதல் வீட்டுக்காரர் ரங்கநாதன், கோடு போட்டு, ஒரு வரிசை செங்கல்லையும் வைத்துவிட்டிருந்தார். நான் போய்ப் பேசுகிறேன் என்றேன்.

“நீங்க நக்கோ மிஸ். நான் பேசிக்கிறேன். நீங்க கூட வந்தா போதும்.”

போனோம். ரங்கநாதன் கையில் கரணை, நெற்றியில் வியர்வை. பவானியைப் பார்த்ததும் அவருக்குச் சங்கடம். அப்பாவை இழந்த பெண்ணிடம் யார்தான் முகம் கொடுத்துச் சண்டை போட முடியும்? ஆனால் அவள் இரக்கத்துக்கு வந்தவள்போல நிற்கவில்லை.

“மாமா, படி எவ்வளவு வெளிய வருது?”

“ஒரு அடிதாம்மா. அம்மாவுக்கு முட்டி வலி. வாசல் உசரம், ஏற முடியல. படி இல்லன்னா எப்படி?”

“படி வேணும். வேணாம்னு சொல்லல. ஆனா ஒரு அடி வந்தா எட்டடி இருக்காது, வண்டி இங்க திரும்பாது. நாளைக்கு உங்க அம்மாவுக்கே ஒண்ணுன்னா, வண்டி பாலத்துல நிக்கும், அவங்க நடக்கணும்.”

ரங்கநாதன் கரணையைக் கீழே வைத்தார். பாலத்தைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். “அப்போ எப்படிக் கட்டுறது?”

“வாசல்லேருந்து உள்பக்கமா இறக்கலாம் மாமா. வெளிய ஒரு கல்லு போதும். நாங்க அளந்து குடுக்குறோம்.”

அவர் யோசித்தார். குனிந்து, வைத்த வரிசையிலிருந்து முதல் செங்கல்லை எடுத்தார். இன்னொன்றை உள்ளே தள்ளினார். “இங்க?” என்றார். “இன்னும் கொஞ்சம்” என்றாள். தள்ளினார். “இப்போ?”

பவானி டேப்பை உருவினாள். பூஜ்யம் இருக்கும் முனையை என் கையில் கொடுத்துவிட்டு எதிர்ச்சுவரை நோக்கி நடந்தாள். அங்கே போய் நின்று, குனிந்து எண்ணைப் பார்த்தாள். திருப்தியில்லை.

“அக்கா, தொங்குது” என்றாள். “இறுக்கிப் பிடிங்க.”

இறுக்கிப் பிடித்தேன்.